என்கிறார்கள்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீலான்ஸ்’ என்று ஒரு சொல் உண்டு. மாதச் சம்பளத்துக்கு உட்காராமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு எழுதுகிறவனுடைய தொழிலுக்கு அது பெயர். அந்தச் சொல்லைப் பிரபலப்படுத்தியவர் ஒரு நாவலாசிரியர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை. ஸர் வால்ட்டர் ஸ்காட் 1819-ல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவலில், எந்தப் பிரபுவுக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவருக்காக ஈட்டி தூக்குகிற வீரர்களுக்கு அந்தப் பெயர் வருகிறது. காலப்போக்கில் ஈட்டி போய்ப் பேனா வந்தது. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஈட்டிக்காரன் என்றாலே, வாசலில் வந்து உட்கார்ந்து கடனை வசூலிக்கிறவன் என்று அர்த்தம். பேனா பிடித்த ஈட்டிக்காரனுக்கோ வசூலிக்கிற கலை மட்டும் கைவருவதில்லை. “ஸார், போன மாதத்துச் சன்மானம்...” என்று இழுப்பதோடு சரி.

நானும் சில வருஷங்கள் அப்படி ஓர் ஈட்டிக்காரனாக இருந்தேன். கதைப் பத்திரிகைக்கு அல்ல. டிஜிட்டல் படத் தொழிலில் இருப்பவர்களுக்காகத் தமிழில் வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு. ரயில்வே ஸ்டேஷன் கடையில் அது தொங்காது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், எடிட்டிங் செய்பவர்கள், கேபிள் டி.வி. நடத்துபவர்கள் ஆகியோர் சந்தா கட்டி வரவழைத்துப் படிப்பார்கள். தொழில் பத்திரிகைதானே என்று இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். இன்று பாட்டுகளின் தரவரிசைக்கு உலகமெல்லாம் பெயர் போன ‘பில்போர்ட்’, 1894-ல் அமெரிக்காவின் ஸின்ஸினாட்டி நகரத்தில், விளம்பரச் சுவரொட்டித் தொழில் செய்கிறவர்களுக்காகத் தொடங்கிய பத்திரிகைதான்.

கதை வாசகர் தயாள குணம் படைத்தவர். கதாநாயகி மூன்றாவது அத்தியாயத்தில் எட்டு மணி ரயிலில் ஏறி, அதே எட்டு மணிக்கு மதுரையில் இறங்கினாலும் பொறுத்துக்கொள்வார். கதை நன்றாயிருந்தால் போதும். தொழில் பத்திரிகை வாசகர் அப்படியல்ல. அவர் கட்டுரையைப் படித்து முடித்ததும் பர்ஸைத் திறக்கிறவர். ‘இந்தக் காமிரா வாங்கலாம்’ என்று நாம் எழுதினால், அவர் மனைவியின் வளையலை அடகு வைத்து அந்தக் காமிராவை வாங்குவார். இது எனக்கு உறைத்த நாளிலிருந்து, நிலா வெளிச்சத்தில் கட்டுரையைத் தொடங்குகிற வழக்கத்தை விட்டேன்.

நான் பொறியியல் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பே பாதியில் நின்றது. அது இந்த வேலைக்கு ஒரு சௌகரியமாகவே இருந்தது. எனக்கு விளங்குகிற வரையில் நாலு பேரைக் கேட்பேன். எனக்கே விளங்கினால் வாசகருக்குக் கட்டாயம் விளங்கும். உதாரணமாக, டி.வி.டி. உறையின் மேல் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால் 4.38 என்று காட்டும். மிச்சத்தைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று பல பேர் சண்டைக்குப் போனார்கள். உண்மையில் யாரும் எதையும் விழுங்கவில்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்று எண்ணுகிறார். கம்ப்யூட்டரோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறக்குறைய 107 கோடியே 37 லட்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்று கணக்கிடுகிறது. நெல் அதே நெல்தான். அளக்கிற படி வேறு. இதை நான் ‘சின்னப் படி, பெரிய படி’ என்ற தலைப்பில் எழுதியபோது, ஆசிரியர் டெலிபோனில் கூப்பிட்டு, “உங்களுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது, ஸார்” என்றார். சன்மானம் பிடிபட இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

2009-ல் அவர் ஒரு விஷயம் கொடுத்தார். ‘கல்யாணப் படத்தை எழுதிக் கொடுக்கிற டி.வி.டி. எத்தனை வருஷம் தாங்கும்?’ என்பது கேள்வி.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. விசாரிக்கப் போனால் அடி காணாத கிணறு. சினிமாப் படமாகக் கடையில் விற்கிற தகட்டில் செய்திகள் தொழிற்சாலையிலேயே பள்ளம் பள்ளமாக வார்க்கப்படுகின்றன. நாம் வீட்டில் எழுதிக்கொள்கிற தகட்டில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. லேஸர் ஒளி அந்தச் சாயத்தைச் சூடாக்கிப் புள்ளி வைக்கிறது. சாயம் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் காயப்போட்ட புடவை என்ன ஆகும்? வெளிச்சமும் சூடும் ஈரமும் சாயத்துக்கு விரோதிகள். அந்த மூன்றுக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை.

ஆனால் தகடு விற்பவர்களின் விளம்பரத்தில் 100 வருஷம் என்று கண்டிருந்தது. டி.வி.டி. என்கிற வஸ்துவே ஜப்பானில் 1996-ல்தான் விற்பனைக்கு வந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு நூறு வயது ஆயுள் என்று ஜாதகம் எழுதியது யார்? தேடிப் போனதில், அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஒரு கையேடு கிடைத்தது. தகடுகளைப் பராமரிப்பது எப்படி என்று நூலகங்களுக்காக எழுதியது. நல்ல முறையில் வைத்தால் எழுதுகிற தகடு 100 முதல் 200 வருஷம் வரை இருக்கும் என்பது, சோதனை செய்து பார்த்த உற்பத்தியாளர்களின் கருத்து என்று அதில் இருந்தது. அதோடு நிறுத்தாமல், சுதந்திரமான ஆய்வுக்கூடங்கள் வெளியிட்ட ஆயுள் அறிக்கைகள் அநேகமாக இல்லை என்றும் சொல்லியிருந்தது. உற்பத்தியாளர்களின் சோதனையும் நூறு வருஷம் காத்திருந்து செய்ததல்ல. கடுமையான சூட்டிலும் ஈரத்திலும் தகட்டை வைத்து, அது கெடுகிற வேகத்தைக் கொண்டு போடுகிற கணக்கு.

நம் ஊர் நிலைமையையும் பார்ப்போம் என்று, எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் போனேன். அவர் தகட்டின் மேல் மணமக்கள் படம் போட்ட காகிதத்தை ஒட்டி, அழகாகப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். காகிதம் ஒட்டக் கூடாது என்று கையேடு சொல்கிறது. அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு கல்யாணம் எடுத்தேன் அண்ணே. பெண்ணோட தாத்தா மைக்கைப் பிடிச்சு வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசினார். அடுத்த மாசம் தவறிப்போனார். அவர் குரல் இருக்கிறது அந்த ஒரு தகட்டில்தான். நான் நகல் வைத்துக்கொள்ளவில்லை” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது இது தகட்டைப் பற்றிய கட்டுரை அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

கட்டுரையில் நான் எழுதிய ஒரு வாக்கியம் இது: ‘இந்தத் தகடுகள் 100 ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்கிறார்கள் உற்பத்தியாளர்கள்.’ அதற்குக் கீழே, வெளியார் சோதனை போதவில்லை என்பதையும், இரண்டு நகல் எடுத்து, வேறு கம்பெனித் தகட்டிலும் ஹார்ட் டிஸ்கிலும் வைப்பது உத்தமம் என்பதையும், சில வருஷங்களுக்கு ஒரு முறை புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தேன்.

அச்சுக்குப் போகுமுன் பார்வைக்கு வந்த பக்கத்தில் கீழே இருந்ததெல்லாம் காணவில்லை. அந்த வாக்கியம் மட்டும் இருந்தது. அதிலும் கடைசி இரண்டு வார்த்தைகள் இல்லை. ‘இந்தத் தகடுகள் 100 ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.’ முற்றுப்புள்ளி.

டெலிபோன் செய்தேன்.

“ஸார், இரண்டு வார்த்தைதானே?” என்றார் ஆசிரியர். “பின் அட்டை விளம்பரம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். அதற்காக நான் நூறு வருஷத்துக்கு ஜவாப்தாரி ஆக முடியுமா?”

“யார் ஸார் நூறு வருஷம் கழித்து வந்து உங்களைக் கேட்கப்போகிறார்கள்?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. சந்தாப் பணம் காகிதத்துக்கே போதாது. பின் அட்டை விளம்பரம் போனால் அலுவலகத்தில் ஆறு பேருக்குச் சம்பளம் நிற்கும். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு அந்த மாதம் பிரசவச் செலவு. இதையெல்லாம் அவர் சொல்லாமலே நான் அறிவேன். ஆனாலும் அந்த ஸ்டுடியோக்காரரின் முகம் என் கண் முன்னே நின்றது. “அப்படியானால் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஸார்” என்றேன்.

ஃப்ரீலான்ஸ் என்ற சொல்லில் ‘ஃப்ரீ’ எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. சம்பளத்துக்கு இருக்கிறவர் அப்படிச் சொல்ல முடியாது. நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சுதந்திரமாக எழுதுகிறவனே தன் கட்டுரைக்கு முதல் உரிமையாளன்; அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். நான் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அமெரிக்காவிலும் 2001-ல் சுப்ரீம் கோர்ட் இதைப் போல ஒரு வழக்கைத் தீர்த்தது. வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் கட்டுரைகளை, அவர்கள் அனுமதி இல்லாமல் பத்திரிகைகள் கம்ப்யூட்டர்த் தொகுப்புகளில் ஏற்றக் கூடாது என்பது தீர்ப்பு. ஆக, கூலிக்காரனுக்கும் ஒரு சொத்து இருக்கிறது. ஆனால் அந்தச் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த மாதத்துக் கூலியை விட வேண்டியிருக்கும். அன்றைக்கு எனக்கு அது வாடகையில் பாதி. டெலிபோனை வைத்த பிறகு வீட்டில் என்ன சொல்வது என்று வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இதழில் கட்டுரை வரவில்லை. அடுத்த இதழில் வந்தது. உள்ளே எங்கேயோ, சின்ன எழுத்தில், ‘என்கிறார்கள் உற்பத்தியாளர்கள்’ என்ற இரண்டு வார்த்தைகளோடும், கீழே இருந்த பாராக்களோடும். அதற்கப்புறம் மூன்று மாதம் எனக்கு ஒரு வேலையும் வரவில்லை. நாலாவது மாதம் ஆசிரியரே கூப்பிட்டார். இன்னொருவர் கட்டுரையைக் காலத்தில் தரவில்லையாம். இரண்டு நாளில் முடியுமா என்றார். பழைய விஷயத்தை அவரும் பிரஸ்தாபிக்கவில்லை, நானும் கிளப்பவில்லை. பின் அட்டையில் அதே விளம்பரம் பல்லிளித்துக்கொண்டிருந்தது!

வாசகரிடமிருந்து பாராட்டு வந்ததா என்று கேட்பீர்கள். தேனிப் பக்கத்திலிருந்து ஒருவர் டெலிபோன் செய்தார். “நீங்கதானா ஐயா தகட்டைப் பத்தி எழுதினது? இப்ப கல்யாண வீட்டுக்காரங்க அதே காசுக்கு ரெண்டு நகல் கேக்கறாங்க. எங்க பிழைப்பிலே மண்ணைப் போட்டுட்டீங்களே!” என்று சண்டை பிடித்தார். எனக்குக் கிடைத்த விமரிசனங்களில் அதை உயர்ந்ததாக வைத்திருக்கிறேன்.

அந்தப் பத்திரிகை இப்போது வருவதில்லை. தகடும் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. தபாலில் தகடு அனுப்பியே பெரிய கம்பெனியான ‘நெட்ஃபிளிக்ஸ்’கூட 2023-ல் அந்த வேலையை நிறுத்திவிட்டது. நூறு வருஷம் தாங்குகிற தகடே மிஞ்சினாலும், அதைச் செருகிப் பார்க்கிற யந்திரத்துக்கு எங்கே போவது?

போகாதது அந்த இரண்டு வார்த்தைத் தகராறுதான். இன்றைக்குக் காமிராவையும் டெலிபோனையும் பற்றி யூடியூபில் பேசுகிற இளைஞர்களும் சுதந்திர ஈட்டிக்காரர்களே. கம்பெனி கொடுத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்’ என்கிறார்கள். சோதித்துச் சொல்கிறாரா, கம்பெனி சொன்னதைச் சொல்கிறாரா? பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டுமென்று, இந்திய விளம்பரத் தரக் குழு 2021-ல் விதி வகுத்தது. என் ‘என்கிறார்கள்’ போல அதுவும் ஒரு சின்ன வார்த்தைதான்.

நாவல் எழுதும்போது, ‘என்றான்’, ‘என்றாள்’ என்று ஆயிரக்கணக்கான தடவை எழுதுகிறேன். அலுப்பாக இருக்கிறது, எடுத்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பேசுவது இன்னார் என்று வாசகருக்குத் தானாகத் தெரிகிற இடத்தில் எடுத்துவிடுகிறேன். சந்தேகம் இருக்கிற இடத்தில் எடுப்பதில்லை.