யானைச் சீல்களின் கரையில் ஒரு பகல்

கலிபோர்னியாவின் பசிபிக் கரையோரம் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை பொறுமையுடையோர்க்கே உரியது. பிப்ரவரித் திங்களில் ஒருநாள், அந்நாட்டில் குடியேறியுள்ள நம்மவர் குடும்பம் ஒன்றுடன் அவ்வழியே சென்றோம். சென்ற வண்டியே ஒரு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பிடம் யாவும் அதனுள் அடக்கம். இட்லிப் பானைக்கும் இடமிருந்தது! கழிவுநீரைக் கண்டவிடத்தில் கொட்ட இயலாது; தொட்டியில் தேக்கி, அதற்கென அமைந்த இடத்திலேயே விடவேண்டும். இவ்வொழுங்கை நம் திருத்தலங்களுக்கு வண்டி கட்டி வருவோரிடமும் காண ஆசை.

காலைத் திருப்பலி சான் லூயிஸ் ஒபிஸ்போ ஆலயத்தில். துலூஸ் நகர் ஆயரான புனித லூயிசின் பெயரால் புனித ஜுனிப்பெரோ செர்ரா 1772இல் நிறுவிய மறைப்பணித் தலம் அது. அதைக் கட்டிய கைகள் சுமாஷ் பழங்குடியினருடையவை. ஐரோப்பியர் வருகையோடு வந்த நோய்களால் அவர்களுள் பலர் மாண்டனர் என்பதையும் மறைத்தல் தகாது.

அங்கிருந்து மோரோ விரிகுடா. 576 அடி உயரப் பாறையின் அடிவாரத்தில், கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தவாறு மார்பின்மேல் குட்டிகளைத் தாலாட்டிக்கொண்டிருந்தன. மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு, இக்கரையில் அற்றுப்போயின என்றே கருதப்பட்ட இனம். 1938இல் வடக்கே பிக் சர் பகுதியில் ஏறத்தாழ 50 மட்டும் கண்டறியப்பட்டன. அவற்றின் வழிவந்தவை இன்று ஏறக்குறைய 3,000.

மாலையில் சான் சிமியோனுக்கு வடக்கே பியெத்ராஸ் பிளாங்காஸ் கடற்கரையை அடைந்தோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வேலிக்கு அப்பால் மணல் தெரியாதபடி யானைச் சீல்கள்! துதிக்கை போன்ற மூக்குடைய ஆண் 2,000 கிலோவையும் தாண்டும். எண்ணெய்க்காக இவற்றையும் கொன்று குவித்தனர். மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் சிறு கூட்டமே எஞ்சியது. 1922இல் அந்நாடு காப்பளித்தது. இக்கரைக்கு அவை வந்தது 1990இல். இங்கு முதற்குட்டி பிறந்தது 1992இல்.

தாய் ஏறத்தாழ நான்கு வாரம் உணவே கொள்ளாமல் பாலூட்டுகிறது. அப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பாம். பின்னர் குட்டியைக் கரையில் விட்டுக் கடலுக்கு ஏகிவிடுகிறது. குட்டி தானாகவே நீந்தப் பழக வேண்டும்.

அலையேற்றம் மிகுந்தபோது, பால்குடி மாறாத குட்டியொன்று தாயை விட்டு விலகிப்போயிற்று. வேறொரு தாயை அண்டியது. அது கடித்து விரட்டியது. உடன்வந்த ஏழு வயதுச் சிறுமி, "சாமி, யாராவது தூக்கிக்கொண்டு போய் விடக்கூடாதா?" என்று கேட்டாள். அங்கிருந்த தன்னார்வத் தொண்டர், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி எவரும் நெருங்கலாகாது என்றார். மனிதர் இறங்கினால் மந்தையே கலைந்து, பல குட்டிகள் நசுங்கும். தாய்க்கும் சேய்க்கும் ஒன்றன் குரல் மற்றொன்றுக்குத் தெரியும், காத்திருப்போம் என்றும் சொன்னார். நியாயம் நமக்கு விளங்கியது, சிறுமிக்கு விளங்கவில்லை. தொலைவில் ஒரு தாய் ஓயாது கத்திக்கொண்டிருந்தது. குட்டியும் கத்திற்று. இடையே இரு பெரும் ஆண்கள் மலைபோல் கிடந்தன. இருட்டும்வரை நின்றோம்.

இரவு முகாமில் செபமாலை தொடங்குமுன், அந்தக் குட்டியையும் கருத்துகளில் சேர்க்க வேண்டும் என்றாள் சிறுமி. சேர்த்துக்கொண்டோம்.