தகடு துள்ளுது மாப்ளே!

மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா தட்டுற கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். அம்மாவோட தம்பி மண்ணூர்ல சின்னதா ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கார். போன வாரம் போன் பண்ணி, "தகடு துள்ளுது மாப்ளே, நீ இன்ஜினியர்தானே, வந்து பாரேன்"னார். இப்படிக் கூப்பிட்டா தப்பிக்க முடியுமா? சனிக்கிழமை தண்டலத்துல இறங்கிப் போயிட்டேன்.

விஷயம் இதுதான். கண்ட்ரோல் பேனல் கதவு 40, திங்கட்கிழமைக்குள்ள போகணும். 1 மி.மீ. தகடு. பிளாஸ்மா நாலு வெட்டு வெட்டுறதுக்குள்ள நடுவுல அப்பளமா உப்பி, டார்ச்சுல இடிக்குது. ஹெல்ப்பர் தம்பி ஒருத்தன் கையுறையோட தகட்டை அமுக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறான், டார்ச்சுக்கு ஒரு சாண் தூரத்துல. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

"நாலு பக்கமும் கிளாம்ப் போட்டுட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு"ன்னார் மாமா. அங்கதான் மேட்டரே. 8x4 அடித் தகடு 3 மி.மீ. கனம்னா 70 கிலோ, தன் எடையிலேயே படுத்துக்கும். 1 மி.மீ.ன்னா 23 கிலோதான். எஃகு 100 டிகிரி சூடு ஏறினா மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். நாலு பக்கமும் பூட்டிட்டா எங்கே போகும் பாவம்? மேலதான்.

டார்ச் உயரத்தைப் பார்த்துக்க ஒரு கண்ட்ரோலர் உண்டு. ஆர்க் வோல்டேஜ் குறைஞ்சா தகடு கிட்ட வந்துடுச்சுன்னு புரிஞ்சு மேல தூக்கும். ஆனா மூலையில டார்ச் வேகம் குறையும்போது அதைப் பூட்டி வெச்சிருப்பாங்க. இடி எல்லாம் மூலையிலதான்! இன்னொண்ணு, டார்ச் முதல்ல தகட்டைத் தொட்டு உயரம் பார்க்குமே, மெல்லிசு தகடு அப்போ உள்ளே அமுங்கி அப்புறம் எழும்பிக்குது. கணக்கே தப்பு.

ஒரு பக்கம் மட்டும் கிளாம்ப். மத்த மூணு பக்கமும் பட்டறையில கிடந்த பட்டைக் கம்பியை வெயிட்டா வெச்சோம், நகர்றதுக்கு இடம் விட்டு. கீழ சட்டங்களை நெருக்கினோம். ஆம்பியரைக் குறைச்சு சின்ன நாசில். வெட்டுற வரிசையை மாத்துறது நம்ம ஏரியா: உள் ஓட்டைகள் முதல்ல, வெளிக்கோடு கடைசியில, அதுவும் பக்கத்துப் பக்கத்துல இல்லாம தாவித் தாவி.

பெருமையா ஸ்டார்ட் பண்ணினேன். மூணாவது கதவுல டமால்! வெட்டி விழுந்த வட்டத்துண்டு சட்டத்துக்கு நடுவுல சாஞ்சு நட்டுக்கிட்டு நின்னுருக்கு. ஒரு நாசில் காலி. மாமா ஒண்ணும் சொல்லல, டீ வாங்கிக் கொடுத்தார் :-) அப்புறம் எல்லா வட்டத்துக்கும் ரெண்டு இடத்துல துளி ஒட்டு விட்டேன், கடைசியில தட்டி எடுத்துக்கலாம்னு.

அடுத்த தகடு முழுசா ஓடிச்சு. தம்பி மட்டும் நம்பல, கையுறையை மாட்டிக்கிட்டு மேஜைப் பக்கமே நின்னான். "கையைப் பின்னால கட்டுடா"ன்னு மாமா அதட்டினார். கட்டிக்கிட்டான்.

அடுத்து 304 ஸ்டெயின்லெஸ்ல ஆர்டர் வருதாம். அதுல காந்தமும் ஒட்டாது, சூட்டுல இன்னும் அதிகமா நீளும். பட்டறை அனுபவம் இருக்குற மக்கா, ஏதாச்சும் சொல்லிட்டுப் போங்கப்பு.