சொல்லாமல் விட்ட கதை

ஜியோ பேபி இயக்கிய ‘காதல் – தி கோர்’ என்னும் மலையாளப் படம் 2023 நவம்பர் 23 அன்று வெளிவந்தது. பல மொழிப் படங்களும் ஓடும் பெங்களூரில் வேற்றுமொழிப் படம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. அதிலும் மம்மூட்டியும் நம் ஜோதிகாவும் கணவன் மனைவியாக நடித்த படமென்றால் கேட்கவும் வேண்டுமோ! எங்கள் குடியிருப்பில் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் அதனைப் பார்த்தன. பார்த்தவருள் பெரும்பாலோர், கதையில் பல செய்திகள் விளக்கப்படாமலே விடப்பட்டன என்று குறைப்பட்டுக்கொண்டனர். அந்தக் குறையைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

கதை சிறியது. கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் மாத்யூ தேவசி, மாதாகோயிலுக்குத் தவறாது செல்லும் கிறிஸ்தவர், ஊரார் மதிப்பவர். உள்ளாட்சி இடைத்தேர்தலில் அவர் நிற்கும் வேளையில், இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி ஓமனா மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுக்கிறார். தம் கணவர் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதும், கார் ஓட்டக் கற்பிக்கும் தங்கன் என்பவரே அவர் நெஞ்சுக்கு உரியவர் என்பதும் ஓமனாவின் கூற்று.

“அவர்கள் இருவரும் எப்போது பழகினார்கள், எப்படிப் பழகினார்கள்? ஒரு காட்சியாவது காட்டினார்களா?” என்று கேட்டார் எதிர்வீட்டு அம்மையார். உண்மைதான். இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகூட ஏறக்குறைய இல்லை, பார்வைதான் உண்டு. ஆயின் இதனை நான் குறையாகக் கொள்ளேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1862 முதல் இத்தகைய உறவைக் குற்றமாக்கி வைத்திருந்தது. ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. உச்ச நீதிமன்றம் அதனை விலக்கியது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அதுவரை ஒளிந்து வாழ்ந்த இருவரின் பழக்கம் மனைவிக்கும் ஊருக்கும் எவ்வளவு தெரிந்திருக்குமோ, அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது.

இங்கே மற்றொரு படம் நினைவுக்கு வருகிறது. 2003-இல் வந்த ‘லேட்டர் டேஸ்’ என்னும் அமெரிக்கப் படம், மார்மன் சமயத் தொண்டனாகிய இளைஞன் ஒருவன் மற்றோர் இளைஞனைக் காதலித்த கதை. இயக்குநர் சி. ஜே காக்ஸ் தாமே முன்னர் அத்தொண்டு செய்தவர். அங்கே காதல் ஒளிவின்றிக் காட்டப்படுகிறது. சபை அவனை விலக்குகிறது. குடும்பம் அவனைக் ‘குணப்படுத்த’ ஒரு நிலையத்துக்கு அனுப்புகிறது. நோயல்லாததற்கு மருத்துவம்! நம் நாட்டிலும் இம்முயற்சிகள் இல்லாமலில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவற்றைத் தடைசெய்து ஆணையிட்டார்.

ஆனால் நம் வீடுகளில் இதற்கு நிலையம் எதற்கு? கல்யாணம் என்ற மருந்து ஒன்று இருக்கிறதே! மாத்யூவின் தந்தை கொடுத்ததும் அம்மருந்தே. மகனின் இயல்பை அறிந்தே மணம் முடித்துவைத்ததை முதியவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். அவருக்கு எப்படித் தெரிந்தது, பெண் வீட்டாரிடம் ஏன் மறைத்தார் என்றெல்லாம் படம் விரித்துரைக்கவில்லை. விரிக்கத்தான் வேண்டுமா? “கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்பதைக் கேளாத தமிழ்க் குடும்பம் ஏது? வேலை தேடி இவ்வூருக்கு வந்த நாம், பிள்ளைக்குப் பெண் தேட மட்டும் வேலூருக்கும் தருமபுரிக்கும் ஓடுகிறோம். சம்பளம், சொந்த வீடு, நட்சத்திரம் யாவும் விசாரிக்கப்படுகின்றன. பையனுக்கு மணத்தில் விருப்பமுண்டா என்று பையனையே கேட்பவர் அரியர்.

நண்பர் ஒருவர் தம் மகனுக்கு வரன் பார்க்கும்படி என்னிடம் ஜாதகம் கொடுத்திருந்தார். பையன் மூன்று ஆண்டுகளாக வேண்டாமென்றே சொல்லிவருகிறான். படம் பார்த்த மறுவாரம் நண்பர் வந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “முதலில் அவனோடு பேசுகிறேன்” என்றார். பையன் மனத்தில் இருப்பது என்னவென்று நானறியேன். அது என் வேலையுமன்று.

எல்லாரையும் மிகுதியாகக் குழப்பியது ஓமனாதான். இருபது ஆண்டுகள் ஏன் பொறுத்தார்? ஒரு மகளையும் பெற்று வளர்த்துவிட்டு, இப்போது ஏன் நீதிமன்றம் சென்றார்? இதைப் பற்றி எங்கள் கூடத்தில் வெகுநேரம் வாதம் நடந்தது. சேலத்துப் பக்கமிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் மணப்பெண்ணாக இங்கு வந்த மாடிவீட்டு அக்கா மட்டும் வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. கடைசியில், “எங்கே போவாள்? யாரிடம் போய்ச் சொல்லுவாள்?” என்று மட்டும் கேட்டார். கன்னடம் அறியாது, பேச ஒருவரின்றி, முதல் சில ஆண்டுகளை நான்கு சுவர்களுக்குள் கழித்தவர் அவர். அதன்பின் அந்த வினாவை யாரும் எழுப்பவில்லை.

இப்படம் 2023-ஆம் ஆண்டின் சிறந்த படமாகக் கேரள அரசின் விருது பெற்றது, தகும். எனினும் எனக்கு ஒரு குறையுண்டு. மாத்யூவின் துயரத்துக்குக் கண்ணீர் கிடைக்கிறது; தந்தையின் குற்றவுணர்வுக்கும் இடம் கிடைக்கிறது. ஓமனாவுக்குக் கிடைத்ததோ நிதானம் மட்டுமே. இருபது ஆண்டுகள் பறிபோன ஒரு பெண்ணுக்குச் சினம் எழாதா? மாமனாரை நேர்நின்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாளா? அந்த ஒரு காட்சியையாவது வைத்திருக்கலாம் என்றேன். ஜோதிகாவின் முகமே அதைச் சொல்லிவிட்டது என்கிறார் என் மனைவி. எனக்கு அது போதவில்லை.