எழுதாத பக்கம்

டயகம கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. அவர் மௌத்தாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு கடையின் கடன் கொப்பிகள் என் கைக்கு வந்தன. வசூலிக்கும் எண்ணம் எனக்கில்லை. சும்மா புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. ஏப்ரல் மழை விழுந்து கொழுந்து துளிர்த்ததும் வரிகள் குறைகின்றன. மழை இல்லையேல் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையேல் அரைப்பேர். அரைப்பேர் என்றால் மாவும் பருப்பும் சீனியும் கொப்பியில்தான். வாப்பா மழைமானி வைத்திருக்கவில்லை. ஆனாலும் மழையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

இதைவிடப் பழைய கொப்பி ஒன்று எங்கள் ஊருக்கு மேலேயே இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில் ஏறத்தாழ ஆறு மீற்றர் ஆழத்துக்கு மக்கிய மண்ணைத் துளைத்தெடுத்து, அதில் படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தார்கள் பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும். 2003இல் வெளியான அந்த ஆய்வு 24,000 ஆண்டுகளின் ஈரத்தையும் வரட்சியையும் பேசுகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு சென்டிமீற்றருக்கு நாற்பது ஆண்டுகள். நூற்றாண்டுகளின் போக்கை அது சொல்லும். மூன்று வருஷப் பஞ்சம் ஒன்றை அதில் தேடினால் கிடைக்காது.

அதற்கு வேறு கொப்பிகள் உண்டு. சத்தீஸ்கரின் தண்டக் குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவத்தின் ஒட்சிசன் அளவுகளைப் படித்தவர்கள், 14ஆம் நூற்றாண்டில் பருவமழை திரும்பத் திரும்பப் பொய்த்ததைக் கண்டார்கள். வியட்நாம் மலைக்காட்டு மரவளையங்களை எண்ணியவர்கள், அதே நூற்றாண்டில் அங்கோரை நீண்ட வரட்சி தாக்கியதை 2010இல் எழுதினார்கள்.

அந்த நூற்றாண்டில்தான் இப்னு பதூதா இந்தப் பக்கம் வந்தார். 1330களில் டில்லியில் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர், 1344இல் இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறினார். வழியில் மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டைகளைப் பற்றியும், எலுமிச்சம் சாறு பிழிந்து அவற்றை விழுத்துவது பற்றியும் எழுதியிருக்கிறார். வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையேறுவார்கள்; வாப்பாவின் கடையில் அந்தச் சவர்க்காரமும் கடன்தான்.

அட்டைக்கு ஈரம் வேண்டும். அப்படியானால் டில்லி காய்ந்தபோதும் நம் மலை நனைந்திருந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஒரு பயணி, சில நாட்கள், ஒரு காட்டுப்பாதை. அதை வைத்து ஒரு காலத்தின் மழையை அளக்க முடியாது.

அளக்கத் துணிந்த நானும் தவறினேன். 1992 கடும் வரட்சி ஆண்டு. முந்திய வருஷம் ஏறக்குறைய 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அவ்வருஷம் சுமார் 18 கோடிக்கு விழுந்தது. அந்த ஆண்டின் கொப்பி பருத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். மார்ச் மாதத்தில் பல பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கஷ்டம் இருக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். உம்மாவிடம் கேட்டேன்.

"அந்த மாசம் அட்டன் முதலாளி சாமான் தரல்ல மகன். வாப்பா எப்பிடிக் கடன் குடுக்கிற? லயத்துச் சனம் வந்து நின்டுட்டுப் போச்சு. அவங்கட முகத்தப் பார்க்க ஏலாம வாப்பா பின்வாசலால போய் வந்தார்."

பிறகு உம்மா ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வாப்பா கடன் மறுத்தவர் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

வரட்சி முற்றும்வரை கொப்பியில் வரிகள் கூடும். எல்லை மீறினால் எழுதுவதே நின்றுவிடும். 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் பொலன்னறுவைக் குளங்கள் தூர்ந்து கிடந்ததற்குப் படையெடுப்பா, வரட்சியா, நோயா காரணம் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த மௌனத்தை இனி நான் அவசரப்பட்டு வாசிக்கமாட்டேன்.

1992 மார்ச்சின் வெறும் பக்கம் ஒன்றில் பென்சிலால் எழுதி வைத்தேன்: மழை இல்லை. கடனும் இல்லை. சனம் வந்து நின்றது.