வெயில் குடித்த தண்ணீரா, சுவர் குடித்த தண்ணீரா?

வீட்டு நீச்சல்குளத்தில் தண்ணீர் குறைந்தால் வெயில்மேல் பழி போடுவது சுலபம். அதுவும் வேலூர் வெயில் என்றால் மறுபேச்சே கிடையாது. காலையில் மொட்டை மாடியில் பிழிந்த வடகம் சாயங்காலத்துக்குள் சருகாகிவிடும் ஊர் இது. இங்கே தொட்டித் தண்ணீர் தினம் ஓர் அங்குலம் இறங்குவதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

சத்துவாச்சாரியில் இருக்கும் அந்தக் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்காரர் டேனரி அலுவலகத்தில் 30 வருடங்கள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்கு நீந்துவது நல்லது என்று யாரோ சொல்ல, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பின்கட்டில் ஒரு சின்ன பூல் கட்டிக்கொடுத்தார். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். லிட்டர் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 22,600.

"தண்ணி இல்லாத ஊர்ல பூலா?" என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. பக்கத்தில் ஓடும் பாலாறு வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தான். குழாயில் வருவது மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது, அன்றைக்கு வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான் ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலை டிவியில் பார்த்துக்கொண்டே தெருக்குழாயில் குடம் வரிசை போட்டவர்கள் இந்தப் பகுதிப் பெண்கள். வீட்டுக்காரரின் மனைவியும் அதில் ஒருவர். பூல் கட்டியதில் அவருக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குதித்து விளையாடுவார்கள் என்பதற்காகச் சும்மா இருந்தார்.

பக்கத்து வீட்டுச் சுவர்

மார்ச்சிலிருந்தே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் தினமும் காலையில் போர் மோட்டாரைப் போட்டு, பூலில் ஓஸ் விட்டு, குறைந்ததை நிரப்பினார். "வெயில் குடிக்குது" என்பார். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

மே மாத முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்டு ஓரமாக வந்து நின்றார். சண்டைக்கு வந்த குரல் இல்லை.

"அக்கா, எங்க சுவத்துல அடியில பெயின்ட் உப்பிக்கிட்டு உதிருது. மழையும் இல்ல. நீங்க ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?"

மனைவி போய்ப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. தொட்டால் சில்லென்று ஈரம். ஊரே காய்ந்து கிடக்கும் மே மாதத்தில், அந்த ஒரு சுவர் மட்டும் கார்த்திகை மாதம் போல இருந்தது. அந்தச் சுவருக்கும் பூலுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை.

வீட்டுக்குத் திரும்பியவர் கணவரிடம் சொன்னது ஒரே வரிதான். "என்னங்க, நம்ம தண்ணிய வெயில் குடிக்கல. அவங்க சுவர் குடிக்குது."

மேஸ்திரி சொன்ன வழி

முதலில் வந்த மேஸ்திரி பூலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு முடிவைச் சொல்லிவிட்டார். "மொத்தத் தண்ணியும் எறச்சிடலாம் சார். டைல்ஸை உரிச்சிட்டு, புதுசா வாட்டர்புரூஃபிங் அடிச்சி, மறுபடி ஒட்டிடலாம்." செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்றார். எங்கே ஒழுகுகிறது என்ற கேள்விக்கு, "எங்க ஒழுகினா என்ன சார், மொத்தமா மூடிடுவோமே" என்று பதில் வந்தது.

வீட்டுக்காரர் சம்மதிக்கிற மனநிலையில்தான் இருந்தார். பேரப்பிள்ளைகள் மே கடைசியில் வருகிறார்கள். அதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதே அவர் கவலை. மனைவிதான் தடுத்தார். "எங்க ஓட்டைன்னு தெரியாம ஒடச்சா, ஒட்டினப்புறமும் ஒழுகும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூல் ஒழுகுவது என்றாலே கான்கிரீட்டில் விரிசல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் கசிய வேறு இடங்களும் உண்டு. ஃபில்டருக்குப் போய்வரும் பைப், குப்பை இழுக்கும் ஸ்கிம்மர் வாய், சுவருக்குள் பதித்த லைட், பேக்வாஷ் வால்வு என்று தொட்டியைத் துளைத்து எதைப் பொருத்தினாலும், அந்தத் துளையின் ஓரம் ஒரு பலவீனமான இடம்தான். டைல்ஸை மட்டும் மாற்றினால் இதில் ஒன்றுகூடச் சரியாகாது.

மொத்தமாகத் தண்ணீரை இறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிரம்பிய தொட்டியைத் தண்ணீரின் எடை கீழே அழுத்தி வைத்திருக்கும். காலியான தொட்டி, சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தால் ஓடம் போல மேலே எழும்பப் பார்க்கும். தரை விரியும், பைப் இணைப்பு பிய்யும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து, கோட்டை அகழி நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது வேலூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. அப்படி நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் காலத்தில் பூலைக் காலி செய்யவே கூடாது. கோடையில் பயம் குறைவுதான். ஆனாலும் மாதக்கணக்கில் ஒழுகிய தொட்டி, தன்னைச் சுற்றியுள்ள மண்ணைத் தானே ஊறவைத்திருக்கும். தவிர, 40 டிகிரி வெயிலில் வெறும் டைல்ஸ் காய்ந்தால் அதுவும் வெடித்துக் கிளம்பும்.

ஒரு பக்கெட், ஒரு சாக்பீஸ்

சம்பில் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க, ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவது அந்த வீட்டம்மாவின் பழைய வழக்கம். பூலுக்கும் அதையே செய்யலாம் என்றார். பூல் பராமரிக்கும் இளைஞர் ஒருவரைக் காட்பாடியிலிருந்து வரவழைத்தார்கள். அவர் அதோடு ஒரு பக்கெட்டையும் சேர்த்துக்கொண்டார்.

பக்கெட்டில் பூல் தண்ணீரையே ஊற்றி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, பூலின் படிக்கட்டில் வைக்க வேண்டும். பாதி பக்கெட் தண்ணீருக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு, வெளியே பூலின் மட்டத்துக்கு ஒரு கோடு. 24 மணி நேரம் யாரும் பூலில் இறங்கக் கூடாது. தண்ணீரும் விடக் கூடாது. வெயில் இரண்டுக்கும் பொது. பக்கெட்டில் எவ்வளவு குறைகிறதோ அது வெயில் குடித்தது. அதற்கு மேல் பூலில் குறைந்தது எல்லாம் ஒழுகல்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரே ஸ்கேலோடு போனார். பக்கெட்டில் கால் அங்குலம். பூலில் ஓர் அங்குலம்.

கணக்கு எழுதியே பழகிய கை சும்மா இருக்குமா? 200 சதுர அடிப் பரப்பில் முக்கால் அங்குலம் என்றால், நாளொன்றுக்குச் சுமார் 350 லிட்டர். மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்பது அரசு வைத்திருக்கும் அளவு. இரண்டரை ஆள் புழங்கும் தண்ணீரை அவர் மார்ச்சிலிருந்து தினமும் மண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று காலை அவர் காபி குடிக்கவில்லை.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

அடுத்தது மோட்டார். முதல் நாள் சோதனை ஃபில்டர் மோட்டார் வழக்கம்போல ஓடும்போது நடந்தது. மறுநாள் அதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் அதிகமாகக் குறைந்தால், தண்ணீரைப் பூலுக்குத் திருப்பித் தள்ளும் பைப்பில் ஓட்டை இருக்கும். தண்ணீர் திரும்பி வரும் வாயில் காற்றுக் குமிழி வந்தால், உறிஞ்சும் பைப்பைச் சந்தேகப்படலாம். பேக்வாஷ் தண்ணீர் வெளியேறும் குழாய் சும்மா இருக்கும்போதும் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் திருடன் அங்கேயே பிடிபட்டுவிடுவான். இங்கே அந்தக் குழாய் காய்ந்திருந்தது. மோட்டார் ஓடினாலும் நின்றாலும் பூல் அதே ஓர் அங்குலம்தான் இறங்கியது. ஆக, பைப்மேல் சந்தேகம் குறைந்தது.

மூன்றாவது சோதனைக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. தண்ணீரை நிரப்பாமல் அப்படியே இறங்கவிட வேண்டும். ஓட்டை இருக்கும் உயரம் வரைக்கும் இறங்கி, அதற்குக் கீழே போனதும் ஒழுகல் நின்றுவிடும். பிறகு வெயில் குடிப்பது மட்டும்தான் குறையும்.

"புள்ளைங்க வர்ற நேரத்துல பூல காய விடறதா?" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

"பக்கத்து வீட்டுச் சுவரு காயட்டும். அப்புறம் புள்ளைங்க குளிக்கட்டும்" என்றார் மனைவி. அதற்குமேல் பேச்சில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு டைல்ஸில் ஒரு கோடும், பக்கத்தில் தேதியும் போட்டார்கள். நாள் போகப்போகக் கோடுகள் நெருங்கி வந்தன. தண்ணீர் இறங்க இறங்க ஓட்டையின் மேல் அழுத்தம் குறைவதால், ஒழுகும் வேகமும் குறையும். இரண்டு வாரம் கழிந்தபோது, பூலும் பக்கெட்டும் ஒரே அளவு குறைந்திருந்தன. தண்ணீர் நின்ற இடத்துக்கு நேராகச் சுவரில் இருந்தது அந்த நீல லைட்.

லைட்டை மேலோட்டமாகத் துடைத்துப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். பூலில் யார் கை வைத்தாலும் இதுதான் முதல் வேலை. இதை மறந்துவிட்டு மற்றதைச் செய்யக் கூடாது. லைட் முங்கும் வரை கொஞ்சம் தண்ணீர் விட்டு, அலை அடங்கும் வரை காத்திருந்தார்கள். கேசரிக்குப் போடும் சிவப்பு ஃபுட் கலரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு இளைஞர் இறங்கினார். லைட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த மாடத்துக்குள் ஒரு சொட்டு விட்டார். ஓட்டை இல்லாத இடத்தில் சாயம் புகை போல அப்படியே மிதக்கும். இங்கே ஒரு சிவப்பு நூலாகி, வயர் போகும் பைப்புக்குள் இழுபட்டுப் போனது.

அந்த பைப் மண்ணுக்கடியில் எங்கே போகிறது என்று கேட்டார் மனைவி. காம்பவுண்டு சுவர் ஓரமாக, சுவிட்ச் பெட்டிக்கு.

விடை கிடைத்துவிட்டது. வயர் நுழையும் வாயைத் தண்ணீருக்கடியில் ஒட்டும் எபாக்ஸி மாவால் அடைத்தார்கள். வேலை ஒரு மணி நேரம். செலவு சில ஆயிரம். ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. மறுபடி நிரப்பி, மறுபடி பக்கெட் வைத்தார்கள். உள்ளும் வெளியும் ஒரே அளவு குறைந்தது.

யார் செலவு?

பூலில் ஒழுகல் நின்றது. பக்கத்து வீட்டுச் சுவர் அப்படியேதான் இருந்தது. அதற்கு யார் பணம் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பெண் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் வீட்டுக்காரரை உறுத்தியது.

இந்த மண்ணிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது என்பது புகார். கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் இவர். தண்ணீர் மண்ணுக்குள் போனால் யாருடையது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அப்போது அவரும் வாதாடியிருக்கிறார்.

இப்போது ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் அவருக்குப் பதில் சொல்லிவிட்டது.

அன்று மாலையே அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். "தப்பு எங்க பக்கம்மா. சுவத்து வேலை பூரா நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தப் பெண் பதறிப்போய், "அதெல்லாம் வேணாங்கய்யா" என்றார். அவர் கேட்கவில்லை.

ஆனால் உடனே பெயின்ட் அடித்துவிடவும் முடியாது. ஈரம் உள்ளே இருக்கும்போது பூசினால் மறுபடி உப்பும். உதிர்ந்த பூச்சைச் செதுக்கிவிட்டு, சுவரைக் காற்றாட விட்டு, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பேரப்பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு பூலில் கும்மாளம் போட்டார்கள். படிக்கட்டில் இருந்த பக்கெட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது என்பது பாட்டியின் உத்தரவு. மாதம் ஒருமுறை அது தண்ணீரில் இறங்குகிறது. சம்புச் சுவரிலும் சாக்பீஸ் கோடு தொடர்கிறது. பூல் இல்லாத வீடுகளுக்கும் அந்தக் கோடு போதும். ராத்திரி குழாய்களை மூடிவிட்டு ஒரு கோடு போட்டு, காலையில் பார்த்தால் சம்பு தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

வீட்டுக்காரர் இப்போது காலையில் எழுந்ததும் பூலுக்குப் போவதில்லை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் போய், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்.