கடலே இல்லாத ஆவடியிலிருந்து ஒரு தூண்டில் பயணம்... 100 மீட்டர் பறக்குமா ஈயம்?

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. ஆவடி ரயில் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புபவர்களும் ஷிப்டுக்குக் கிளம்புபவர்களும் எதிரெதிரே கடந்துபோகும் நேரம். அந்தக் கூட்டத்தில் சில நாட்கள் முதுகில் நீளப் பையோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். கிரிக்கெட் கிட் என்று நினைத்தால் தப்பு. உள்ளே மூன்று துண்டாகப் பிரித்துக் கட்டிய 13 அடி தூண்டில் ராட் இருக்கும். இன்னொரு கையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் ஈயக்குண்டுகள், ஐஸில் வைத்த இறால், ஒரு பழைய துண்டு.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றுமே கடற்கரை இல்லாத ஊர்கள். ஆனால், மீன் பிடிக்கத் தெரியாத ஊர்கள் அல்ல. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரிதான். மூங்கில் குச்சி, தங்கூஸ் நரம்பு, மண்புழு, ஒரு தக்கை. ஜிலேபிக் கெண்டைக்கு இவ்வளவு போதும். மணிக்கட்டைச் சுண்டினால் நரம்பு போய் விழுகிற தூரத்திலேயே மீன் இருக்கும்.

அதே ஆள் முதல்முறை கடலுக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வீசிய தூண்டில் முதல் அலையின் நுரையிலேயே விழும். அடுத்த அலை அதைச் சுருட்டிக் காலடியில் கொண்டுவந்து போடும். பக்கத்தில் நிற்பவரின் ஈயமோ அலை உடையும் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழும். இத்தனைக்கும் இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி ராட்!

மூன்று ஆறு, மூன்று முகத்துவாரம்

மேற்குப் புறநகர்க்காரர்கள் மீன் தேடிப் போகும் இடங்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். இவர்கள் ஊர்த் தண்ணீர் போகிற பாதையில்தான் இவர்களும் போகிறார்கள். திருவேற்காடு வழியாக வரும் கூவம், நேப்பியர் பாலத்துக்கு அருகே கடலில் சேர்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் இறங்கி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலைத் தொடுகிறது. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை எண்ணூரில் முடிகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். முகத்துவாரத்தில் தூண்டில்காரர்கள் கூடுவது அதனால்தான்.

ஆவடியிலிருந்து எண்ணூர் போக பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறினால் போதும். பைக்காரர்களுக்கு மாதவரம், மணலி வழி. இன்னும் வடக்கே பழவேற்காடு வரை போகிறவர்களுக்கு வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. 62 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை பூந்தமல்லியையும் பட்டாபிராம் பக்கத்து நெமிலிச்சேரியையும் தொட்டுக்கொண்டு போவதால், நகரத்துக்குள் நுழையாமலே கடலுக்குப் போய்விடலாம்.

கிரிக்கெட் பந்து எடையில் ஒரு குண்டு

கடற்கரையில் வீசும் கனமான ஈயம் பொதுவாக 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். ஒரு கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட அதே எடை. காற்றின் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 45 டிகிரியில் கிளம்பும் குண்டு 100 மீட்டர் தாண்ட மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வேகம் தேவை. நிஜத்தில் காற்று இழுக்கும், பின்னால் ஓடிவரும் நரம்பு இழுக்கும், முள்ளில் ஆடும் இறால் இழுக்கும். எனவே, வேகம் இன்னும் அதிகமாக வேண்டும். வேகப்பந்து வீச்சாளரின் பந்து, தோலுக்குப் பதில் ஈயத்தில் செய்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு தூரத்துக்காக மட்டும் அல்ல. வீசும் நொடியில் நரம்பு அறுந்தால், அந்தக் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று வீசியவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மெரினாவை நினைத்துப் பாருங்கள். பின்னால் குழந்தைகள் ஓடுவார்கள், சுண்டல் விற்பவர் குறுக்கே நடப்பார்.

அதற்காகத்தான் 'ஷாக் லீடர்'. மெயின் நரம்பு மெல்லியதாக இருந்தால்தான் தூரம் போகும். ஆனால் மெல்லிய நரம்பு வீச்சின் உதறலைத் தாங்காது. அதனால் முனையில் தடித்த நரம்பு ஒன்றை இணைக்கிறார்கள். உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் கணக்கு எளிமையானது: ஈயத்தின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும், அதாவது 28 கிராமுக்கும், 10 பவுண்டு பலம். 150 கிராம் ஈயத்துக்கு 50 பவுண்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. கணக்குப்படி சுமார் 53, கையில் 60 இருந்தால் நிம்மதி. லீடரின் நீளமும் முக்கியம். ராட் முனையிலிருந்து ஈயம் தொங்கும் அளவு, ராட்டின் முழு நீளம், அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்று. இதைச் சிக்கனம் பிடிக்கிறவர் பக்கத்தில் நிற்காமல் இருப்பது உத்தமம்.

தூரம் எங்கே தொலைகிறது?

புதியவர்கள் செய்யும் முதல் வேலை, இன்னும் நீளமான ராட் வாங்குவது. பெரும்பாலும் அது காசுக்குக் கேடு. 12, 13 அடி ராட்டையே முழுசாக வளைக்கத் தெரியாதவர் கையில் 15 அடி ராட் போனால் வீச்சு மெதுவாகும், தூரம் குறையும். ராட் மேல் அச்சிட்டிருக்கும் எடையைப் படிப்பதுதான் முதல் வேலை. 100 - 200 கிராம் என்று போட்ட ராட்டில் 40 கிராம் ஈயம் கட்டினால் அது வளையவே வளையாது. ராட் ஒரு வில். வளையாத வில்லிலிருந்து அம்பு போகுமா?

அடுத்தது ரீலின் ஸ்பூல். அதன் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் உரசிக்கொண்டே வெளியேறும். அள்ளித் திணித்தால் கொத்தாகக் கிளம்பிச் சிக்கலாகும். புது ராட் வாங்கும் செலவைவிட மிகக் குறைவாகவே செலவாகும் இந்த ஒரு திருத்தத்திலேயே சட்டென்று வித்தியாசம் தெரியும். பிரெய்டு நரம்பு அதே பலத்துக்கு இன்னும் மெல்லியது. இன்னும் தூரம் போகும். ஆனால், ஆள்காட்டி விரலைக் கத்தி மாதிரி அறுக்கும். விரலுக்கு உறை இல்லாமல் 150 கிராமை பிரெய்டில் வீசக் கூடாது.

மூன்றாவது, இரை. தளதளவென்று தொங்கும் மத்தித் துண்டு காற்றில் பாராசூட் வேலை பார்க்கும். அதை நீளவாக்கில் மெல்லியதாகக் கட்டி, முள்ளை ஈயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் கிளிப்பில் மாட்டினால் குண்டோடு சேர்ந்து பறக்கும். தண்ணீரில் விழும் அதிர்ச்சியில் கிளிப் தானாகவே விட்டுவிடும்.

கடைசியாக உடம்பு. இதைத்தான் எழுத்தில் சொல்வது கஷ்டம். தூரம் வீசுபவரைப் பின்னாலிருந்து பார்த்தால், அவர் அவசரப்படுவதே இல்லை. ஈயத்தை நாலைந்து அடி தொங்கவிட்டு, கடலுக்கு முதுகு காட்டுகிற அளவுக்குத் திரும்பி நிற்பார். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியில்தான் கை. மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போய், முடிவில் வலது கை மேலே குத்தும். அதே நொடியில் இடது கை ராட்டின் அடியை விலாவுக்கு இழுக்கும். அந்த இடது கைதான் ரகசியம். வலது கையை மட்டும் நம்புகிறவர்கள் தோள்வலித் தைலத்தோடு வீட்டுக்குப் போவார்கள். கண் கடலைப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் மேலே வானத்தைப் பார்க்க வேண்டும். ஈயம் பார்வை போகும் பக்கம்தான் போகும்.

இங்கிலாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளில் இதையே புல்வெளிப் போட்டியாக நடத்துகிறார்கள். மீனும் இல்லை, இரையும் இல்லை, வெறும் ஈயம். ஊசல்போல ஆட்டி வீசும் 'பெண்டுலம்' முறையில் அங்கே 250 மீட்டரைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கூட்டமுள்ள கடற்கரையில் முயற்சி செய்வது ஆபத்து. ஈயம் தலைக்குப் பின்னால் ஒரு முழு வட்டம் போடுகிற வீச்சு அது.

மைதானமும் மின்கம்பியும்

பழகிப் பார்க்கக் கடல் வேண்டியதில்லை. முள் இல்லாமல் ஈயத்தை மட்டும் கட்டி, ஆள் நடமாட்டமே இல்லாத காலி மைதானத்தில் வீசி, காலடியால் அளந்தால் போதும். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிப் படுகை இதற்கு வசதியாகத் தோன்றும். இங்கேதான் மேற்குப் புறநகருக்கென்றே ஓர் எச்சரிக்கை. தொழிற்பேட்டைகள் நிறைந்த இந்தப் பகுதியில் உயர் அழுத்த மின்பாதைகள் ஏரிகளையும் மைதானங்களையும் கடந்துபோகின்றன. நல்ல ராட் பெரும்பாலும் கார்பன் ஃபைபர். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். 13 அடி ராட்டை ஆள் தூக்கிப் பிடித்தால் முனை ஏறக்குறைய 20 அடி உயரத்தில் இருக்கும். வீசிய நரம்பு கம்பியில் விழுந்தாலும் ஆபத்துதான். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். பிளாட்பாரத்தில் ராட்டைப் பூட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர் இடி மழையிலும் இதே விதிதான்: முதல் இடி கேட்டதும் ராட்டைக் கீழே வைத்துவிட்டு விலக வேண்டும்.

எண்ணூரில் காற்று திரும்பும் நேரம்

சென்னைத் துறைமுகப் பணிகள் 1876-ல் தொடங்கின. இந்தக் கரையோரம் மணல் ஆண்டு மொத்தத்தில் வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததில் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை அரித்தது. அரிப்பைத் தடுக்க திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அதற்குத் தமிழில் பெயர் 'தூண்டில் வளைவு'. பெயரிலேயே அழைப்பு இருப்பதாலோ என்னவோ, தூண்டில்காரர்கள் அங்கேதான் ஏறி நிற்கிறார்கள். கல்லின் மீது நிற்பதால் சில மீட்டர் தூரம் இனாமாகக் கிடைக்கும். ஆனால், பாசி படிந்த கல்லில் காலை ஊன்றி உடம்பைச் சுழற்ற முடியாது. தலைக்கு மேலிருந்து நேராக வீசும் சின்ன வீச்சுதான் அங்கே சரி. அலை ஏறும் நாளில் அதுவும் வேண்டாம்.

அதிகாலையில் கிளம்பி வருவதற்கு மீன் மட்டும் காரணம் அல்ல. விடியும் நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். முதுகுக்குப் பின்னால் காற்று. ஈயம் மிதந்துகொண்டு போகும். வெயில் ஏறியதும் கடல்காற்று எதிரே வந்து முகத்தில் அறையும். வடகிழக்குப் பருவத்தில் காலையிலேயே எதிர்க்காற்றாக இருக்கும். அப்போது உயரமாக வீசினால் நரம்பு காற்றில் வில்லாக வளைந்துவிடும். தாழ்வாகத்தான் வீச வேண்டும்.

இவ்வளவும் கற்று 100 மீட்டர் வீசியவருக்குக் கடல் ஒரு குட்டு வைக்கும். கிழங்கான் மீன் பல நேரங்களில் முதல் அலைக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் மேயும். தலைக்கு மேலே ஈயம் பறந்துபோவதை அது கண்டுகொள்ளாது. காலா, திருக்கை போன்றவற்றுக்காகத் தூரம் வீசலாம். கரையோரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தூரத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இது மீனவர்களின் வேலையிடம். தாழங்குப்பத்துக்காரர் ராட் இல்லாமல் கைத்தூண்டிலைத் தலைக்கு மேல் சுழற்றி வீசுவதைப் பார்த்தால் கார்பன் ராட் வைத்திருப்பவருக்கே கொஞ்சம் வெட்கம் வரும். வலை கிடக்கும் பக்கமும், படகு திரும்பும் பாதையிலும் ஈயம் போகக் கூடாது. இந்த முகத்துவாரம் ஏற்கெனவே நிறைய அனுபவித்துவிட்டது. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். அறுந்த நரம்பை அங்கேயே விட்டுவிட்டு வருவது அந்தக் கணக்கில் இன்னொரு வரவு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் துடுப்பில் அது சுற்றிக்கொள்ளும்.

பத்து மணிக்கு மேல் காற்று திரும்பத் தொடங்குகிறது. ஈயம் விழும் இடம் ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி வருகிறது. ராட்டுகள் மறுபடி மூன்று துண்டாகின்றன. திரும்பும் ரயிலில் நீளப் பையைப் பார்த்ததும் எதிர் சீட்டிலிருந்து வழக்கமான கேள்வி வரும், "அண்ணே, எதுனா மாட்டுச்சா?" பதில் எதுவானாலும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலை ரீலை நல்ல தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயவைப்பது. உப்பு ஒரு வாரம் தங்கினால் அடுத்த ஞாயிறு கைப்பிடியே சுற்றாது.