வால்வு முன்னே, டிரான்சிஸ்டர் பின்னே

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய பட்டறை. வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். அவர் மேசைமேல் இரண்டு பெட்டிகள்: இசிசி82 வால்வுகள் போட்ட ப்ரீஆம்ப், அதற்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்.

"ஏன் சார், முழுக்க வால்வுலயே கட்டலாமே?"

"கட்டலாம் தம்பி. நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கே பாதிக் காசு போயிடும். ஸ்பீக்கரை ஓட்டுற வேலைய டிரான்சிஸ்டர் பாத்துக்கட்டும்."

நியாயமான பேச்சு. ஸ்பீக்கர் 8 ஓம். பவர் வால்வு கேட்பதோ ஆயிரக்கணக்கான ஓம். டிரான்சிஸ்டருக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டார். குரலும் புல்லாங்குழலும் அவ்வளவு நெருக்கமாக வந்தன. பேஸ் கிடார் மட்டும் சோனியாகக் கேட்டது. 'வால்வுல பேஸ் வராது' என்று பலர் இந்த ஜோடியை ஒதுக்குவது இதனால்தான். பழி வால்வு மேல் விழுகிறது. காரணம் ஒரு கன்டென்சர்.

ப்ரீஆம்பின் வாசலில் நிற்கிறது அது. வால்விலிருந்து வரும் டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் வெளியே விட வேண்டும். இதில் இருந்தது 0.22 மைக்ரோஃபாரட். வால்வு பவர் ஆம்புக்கு அது தாராளம். அதன் இன்புட் இம்பீடன்ஸ் பெரும்பாலும் 1 லட்சம் ஓமோ அதற்கு மேலோ இருக்கும். இந்த டிரான்சிஸ்டர் ஆம்பில் 10,000 ஓம்தான். அதனால் 72 ஹெர்ட்ஸிலேயே ஒலி நன்றாகச் சரிந்துவிடுகிறது. பேஸ் கிடாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அங்கே சிக்னலில் பாதிதான் மிஞ்சும்.

பிளக்கைப் பிடுங்கினார். பவர் சப்ளை கன்டென்சர்களில் தேங்கிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் சால்டரிங் அயர்னைத் தொட்டார். இரண்டு சேனலுக்கும் 2.2 மைக்ரோஃபாரட், 400 வோல்ட். சரிவு 7 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. ஆம்பில் மாட்டும் முன், வெளியே டிசி கசிகிறதா என்றும் அளந்தார். கசிந்தால் ஸ்பீக்கருக்கே ஆபத்து.

அதே பாட்டு. பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, கனமாக இறங்கியது. குரலின் நெருக்கம் துளியும் குறையவில்லை.

எல்லா ப்ரீஆம்பையும் இப்படிச் சரிசெய்துவிட முடியாது. இதில் கேத்தோடு ஃபாலோயர் இருப்பதால் அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓம்தான். இசிசி83 வால்வின் ஆனோடிலிருந்து நேராக எடுத்திருந்தால் பல்லாயிரம் ஓம். கன்டென்சரை எவ்வளவு பெரிதாக்கினாலும் 10,000 ஓம் ஆம்போடு அது ஒத்துப்போகாது.

"முதல்ல வால்வப் போடணும். சூடாகி நிக்கட்டும், ஒரு நிமிஷம் கழிச்சு ஆம்ப். அணைக்கறப்ப ஆம்ப் முதல்ல" என்றார். மாற்றிப் போட்டால் ஸ்பீக்கரில் 'டம்'மென்று இடிக்கும். கன்டென்சர் பெரிதென்றால் இடியும் பெரிது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இரண்டு எண்களைக் கேளுங்கள்: ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ். இரண்டாவது, முதலாவதைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். எண் தெரியாதென்று கடைக்காரர் சொன்னால், இரண்டையும் சேர்த்து ஓட்டிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.